பதின்மூன்றுக்குப் பதினொன்று: முக்கால் பங்கு விதி தீர்வாகுமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஒரு நகராட்சியில் உள்ள 42 குடியிருப்போர் நலச் சங்கங்கள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டமைப்பில் இணைச் செயலாளர். கூட்டமைப்பு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானது. துணை விதிப்படி ஒரு சங்கத்துக்கு ஒரு வாக்கு; மூன்றில் ஒரு பங்கு, அதாவது 14 சங்கங்கள் வந்தால் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை); தீர்மானங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பதிலி வாக்கு, அதாவது வராதவருக்காக இன்னொருவர் வாக்களிப்பது, கிடையாது.

கடந்த பொதுக்குழுவுக்கு 24 சங்கங்கள் வந்திருக்கின்றன. கூட்டம் முடியப்போகும் நேரத்தில், ‘தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்’ என்ற தலைப்பில் ஒருவர் எழுந்து, பக்கத்து ஊராட்சியை நகராட்சியோடு இணைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அஜெண்டாவில் அது இல்லை. கைதூக்கச் சொல்லி எண்ணினார்கள்: ஆதரவு 13, எதிர்ப்பு 11. மறுநாளே மாவட்ட ஆட்சியருக்கும் நகராட்சி ஆணையருக்கும் லெட்டர்ஹெட்டில் கடிதம் போய்விட்டது, ‘42 சங்கங்களின் ஒருமித்த கோரிக்கை’ என்று.

“எங்களுக்கே நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். இதில் இன்னொரு ஊரையும் சேர்த்தால் என்ன ஆகும்? அந்த ஊர்க்காரர்களும் வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். 42-ல் 13 பேர் கைதூக்கியதை 42 பேர் கேட்டதாக எழுதிவிட்டார்களே” என்று கேட்கிறார். இனி எந்தத் தீர்மானமாக இருந்தாலும் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும் என்று விதியை மாற்ற வேண்டும் என்பது அவர் யோசனை. 15 பேர் கொண்ட செயற்குழுவில் 9 பேர் அவர் பக்கம் இருப்பதால் அங்கேயே முடித்துவிடலாமா? மாற்றிவிட்டால் அந்தப் பழைய தீர்மானம் செல்லாமல் போகுமா? முக்கால் பங்கோடு போனால் நகராட்சி மதிக்கும் அல்லவா? தலைவர் முரண்டு பிடித்தால் பதிவாளரிடம் போகலாமா? இவைதான் அவர் கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தபோது, அன்று நடந்த தவறு வாக்கு எண்ணிக்கையில் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. அஜெண்டாவில் இல்லாத பெரிய விஷயத்தை, பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு எழும் நேரத்தில் வாக்குக்கு விட்டது முதல் தவறு. பதின்மூன்றை நாற்பத்திரண்டு என்று எழுதி அனுப்பியது இரண்டாவது தவறு. முக்கால் பங்கு விதி இந்த இரண்டையும் தொடாது. அந்த விதி இருந்திருந்தால் அன்றைய தீர்மானம் விழுந்திருக்கும், உண்மைதான். ஆனால் நாளை வேறொரு தலைவர் 18 பேரைச் சேர்த்துக்கொண்டு இதே வேலையை இதே மாதிரி செய்யலாம். அப்போது அவர் கையில் ‘முக்கால் பங்கு’ என்ற முத்திரையும் இருக்கும்.

செயற்குழுவில் முடிக்க முடியாது

துணை விதியைத் திருத்தும் அதிகாரம் செயற்குழுவுக்கு இல்லை. 9 பேர் என்ன, 15 பேரும் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. 1975 சட்டப்படி துணை விதித் திருத்தத்துக்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு 21 நாளுக்குக் குறையாத முன்னறிவிப்பு வேண்டும். இதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். ‘விதிகள் குறித்து விவாதிக்கப்படும்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி போட்டு அனுப்பினால் பிறகு யாராவது அதைப் பிடித்துக்கொள்வார்கள். திருத்த வாசகத்தையே நோட்டீஸோடு இணைத்து அனுப்புங்கள். கூட்டத்துக்கு வந்திருக்கும் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் ஆதரவு கிடைக்க வேண்டும். அப்புறம் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவாக வேண்டும். பதிவாகும்வரை பழைய விதிதான் விதி.

ஆக, நீங்கள் கேட்கும் முக்கால் பங்கு, விதித் திருத்தம் என்ற ஒரு விஷயத்துக்குச் சட்டத்திலேயே ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் உங்கள் புது விதியே உள்ளே வர முடியும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது.

அன்று ஆதரவாகக் கைதூக்கிய 13 சங்கங்களும் இந்தத் திருத்தத்தை எதிர்க்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு எதிராகத்தானே கொண்டுவருகிறீர்கள், எதிர்க்கத்தான் செய்வார்கள். 42 சங்கங்களும் வந்தால் உங்களுக்கு 32 வாக்கு வேண்டும். 13 போக மிச்சம் 29. மீதி அத்தனை பேரும் உங்கள் பக்கம் நின்றாலும் மூன்று வாக்கு குறையும். அவர்களில் சிலர் வராத நாளாகப் பார்த்துக் கூட்டம் வைத்தால் நிறைவேற்றலாம். ஆனால் அது எந்த வழி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை எதிர்த்துத்தான் எனக்குக் கடிதமே எழுதியிருக்கிறீர்கள்.

இதனால் முயற்சியையே விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த 13 பேரில் பாதிப் பேராவது ‘இது எங்களுக்கும் பாதுகாப்புதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படியான திருத்தத்தை எழுதினால்தான் அது நிறைவேறும். எல்லாத் தீர்மானத்துக்கும் முக்கால் பங்கு என்ற வாசகம் அப்படிப்பட்டது அல்ல.

எதில் முக்கால் பங்கு?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிச் சண்டைகளில் பாதி ‘பங்கு’ என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த எண் நிற்கிறது என்பதை எழுதாமல் விட்டதால் வருபவை.

மொத்த உறுப்பினர்களில் முக்கால் பங்கா, கூட்டத்துக்கு வந்தவர்களிலா, வாக்களித்தவர்களிலா? மூன்றும் மூன்று விதிகள். உங்கள் கூட்டமைப்பில் மொத்தத்தில் என்றால் 32. வழக்கமாக 24 பேர்தான் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னாலும் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. வந்தவர்களில் என்றால் 18. வாக்களித்தவர்களில் என்றால், 24 பேரில் நான்கு பேர் பேசாமல் இருந்துவிட்டால் 20-ல் 15 போதும்.

நடுநிலையாக உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கம் சேர்கிறார் என்பதும் இதில்தான் முடிவாகிறது. வந்தவர்களை வைத்து எண்ணினால், கைதூக்காமல் இருப்பவர் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் சிறப்புத் தீர்மானம் இந்த வகை. 2013 நிறுவனங்கள் சட்டம் வேறு மாதிரி: அங்கே ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும், வாக்களிக்காதவர் கணக்கிலேயே வரமாட்டார். கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்து சங்கப் பொறுப்பில் உட்காருபவர்கள் இந்த இரண்டையும் குழப்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தும் 368-வது பிரிவு இரண்டு அளவுகோல்களையும் சேர்த்தே வைக்கிறது: அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். கூட்டம் குறைவான நாளில் யாரும் திடீரென்று எதையும் மாற்றிவிட முடியாது. உங்கள் பிரச்சினைக்கு இந்த இரட்டை அளவுகோல் பொருத்தமாக இருக்கும். கீழே சொல்கிறேன்.

பின்னம் வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள். அற்பமாகத் தெரியலாம். 1970 செப்டம்பரில், முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்த மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. 224-ல் மூன்றில் இரண்டு பங்கு என்பது 149.33. ஒரு முழு வாக்குகூட இல்லை, மூன்றில் ஒரு பங்கு வாக்கு குறைந்ததால் மசோதா தோற்றது. மானியம் ஒழிய அடுத்த ஆண்டு 26-வது திருத்தம் வர வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்திலேயே இப்படி என்றால் கல்யாண மண்டபத்தின் மாடியில் நடக்கும் பொதுக்குழுவில் பின்னத்துக்காகச் சண்டை வராது என்று சொல்ல முடியாது.

உயர்ந்த வரம்பு யாருக்கு உதவும்?

பெரும்பான்மை வரம்பை உயர்த்தினால் ‘எல்லாருடைய சம்மதமும்’ கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது ஒரு தரப்புக்குத்தான் உதவுகிறது: எதுவும் மாறக் கூடாது என்று இருப்பவர்களுக்கு. 24 பேர் கூட்டத்தில் முக்கால் பங்கு விதி என்றால் 7 பேர் எதையும் தடுக்கலாம். இந்த முறை நீங்கள் தடுக்க நினைக்கும் பக்கம் இருக்கிறீர்கள், அதனால் விதி இனிக்கிறது. எப்போதும் அதே பக்கம் இருக்க மாட்டீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. 2022-ல் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே சொத்து வரி 25 சதவீதம் ஏறியபோது, அதை எதிர்த்து மனு கொடுக்கலாம் என்று நீங்கள் கொண்டுவந்த தீர்மானம் 14-க்கு 10 என்று நிறைவேறியதாகப் பெருமையோடு சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் இப்போது கேட்கும் விதி அன்று இருந்திருந்தால் நான்கு வாக்கு குறைந்து அந்த மனு போயிருக்காது.

வேறொரு ஆபத்தும் உண்டு. ‘எந்தத் தீர்மானமும்’ என்று எழுதினால் ஆண்டுக் கணக்கை ஏற்பது, தணிக்கையாளரை நியமிப்பது, நிர்வாகிகளைத் தேர்வது எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஏழு பேர் முகம் திருப்பிக்கொண்டால் கணக்கு நிறைவேறாது. கணக்கு நிறைவேறாவிட்டால் ஆண்டுதோறும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டியவை தேங்கும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் இணைச் செயலாளரான நீங்களும் ஒருவர். தேர்தலில் முக்கால் பங்கு யாருக்கும் கிடைக்கவில்லை என்றால் பழைய தலைவரே நாற்காலியில் தொடர்வார். உங்கள் ஊரில் அது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதைப் பெரிய அளவில் பட்டு அறிந்தது. அங்கே பட்ஜெட் நிறைவேற சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக விதி. சிறு குழு ஒன்று பிடிவாதம் பிடித்தால் பட்ஜெட் நின்றுவிடும். 2009-ல் மாநில அரசு பணம் கொடுக்க வேண்டியவர்களில் பலருக்குக் கடன் சீட்டு எழுதிக் கொடுக்கும் நிலை வந்தது. 2010-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பட்ஜெட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று இறக்கினார்கள். ஆனால் வரியை உயர்த்துவதற்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்கை அப்படியே விட்டுவைத்தார்கள். அன்றாட வேலைக்கு ஓர் அளவு, எல்லாரையும் பாதிக்கும் முடிவுக்கு வேறு அளவு என்று பிரித்த அந்த வழியைத்தான் உங்களுக்கும் சொல்வேன்.

நான் எழுதித் தரக்கூடிய திருத்தம்

முதலில் ஒரு தடை. அஜெண்டாவில் இல்லாத பொருளில், கூட்டமைப்பின் பெயரில் வெளியே கடிதம் அனுப்பவோ, பணம் செலவிடவோ, வழக்குப் போடவோ தீர்மானம் எடுக்கக் கூடாது. ‘இதர பொருள்கள்’ என்பதில் பேசலாம், அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். இந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்றைய சம்பவமே நடந்திருக்காது. வாக்கு வரம்பை உயர்த்துவதைவிட இதற்கு எதிர்ப்பும் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது, சாதாரண விஷயங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே இருக்கட்டும். நகராட்சி எல்லை மாற்றம், நீதிமன்ற வழக்கு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவு என்று மூன்று நான்கு இனங்களை மட்டும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அவற்றுக்கு வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும், அந்த ஆதரவு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் வேண்டும் என்று வையுங்கள். பின்னம் வந்தால் அடுத்த முழு எண். 24 பேர் வாக்களிக்கும் கூட்டத்தில் 16 வேண்டும். 15 பேர் மட்டுமே வந்த நாளிலும் 14 பேர் ஆதரித்தால்தான் நிறைவேறும். அந்த இரண்டாவது நிபந்தனைதான் ஆள் குறைவான நாளில் காவல் நிற்கும்.

மூன்றாவது, வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்திலும் உறுப்பினர் எண்ணிக்கை, வந்தவர்கள், ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை ஐந்தும் இருக்க வேண்டும். எதிர்த்த சங்கம் கேட்டால் அதன் பெயரும் காரணமும் மினிட்ஸில் ஏற வேண்டும். உங்கள் ஆதங்கத்துக்கு நேரான மருந்து இதுதான். ‘24-ல் 13’ என்று எழுதிய கடிதத்தை ஆட்சியர் அலுவலகத்தில் படிப்பவர் அதற்குரிய எடையை மட்டுமே கொடுப்பார்.

பட்டியலிட்ட இனங்களில் பிரதிநிதிகள் தங்கள் சங்கத்தில் கலந்து பேசிவிட்டு வர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். 13 பேர் கைதூக்கினார்கள் என்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் தெருக்காரர்களைக் கேட்டுவிட்டு வந்தார்கள்? (உங்கள் பக்கத்துப் பதினொருவரையும் சேர்த்தே கேட்கிறேன்.)

நகராட்சி மதிக்குமா?

முக்கால் பங்கோடு போனாலும் ஏகமனதாகப் போனாலும், உங்கள் தீர்மானம் நகராட்சி மன்றத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அது ஒரு கோரிக்கை. அதை எடுத்துச் செல்ல வேறு இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. வார்டு கவுன்சிலர் முன்னிலையில், அந்தப் பகுதியின் வாக்காளர் என்ற தகுதியிலேயே நீங்கள் தண்ணீர்ப் பிரச்சினையைப் பேசலாம். அதற்குக் கூட்டமைப்புத் தலைவரின் தயவு தேவையில்லை.

பழைய தீர்மானமும் பதிவாளரும்

புதிய விதி பின்னோக்கிப் பாயாது. நேற்றுச் செல்லுபடியான தீர்மானம் நாளைய திருத்தத்தால் தானாக விழாது. அதை நீக்க வேண்டுமென்றால் இன்னொரு பொதுக்குழுவில் ரத்துத் தீர்மானம் கொண்டுவர வேண்டும், அதற்கு இப்போதைய விதிப்படி சாதாரணப் பெரும்பான்மை போதும். இங்கே வேடிக்கையைக் கவனியுங்கள்: முதலில் முக்கால் பங்கு விதியைக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் ரத்து செய்யப் போனால், ரத்துக்கும் முக்கால் பங்கு வேண்டும். நீங்களே பூட்டிச் சாவியை அவர்களிடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே வரிசை முக்கியம். ரத்துத் தீர்மானம் முதலில், விதித் திருத்தம் பிறகு. 13-க்கு 11 என்ற இடத்தில் இரண்டு சங்கங்கள் மனம் மாறினால் போதும். அன்று வராத 18 சங்கங்களும் இருக்கின்றன.

பதிவாளர் விஷயம். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-வது பிரிவின்படி அவர் சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை பற்றி விசாரணை நடத்தலாம். தாமாகவே செய்யலாம்; அல்லது செயற்குழுவில் பெரும்பான்மையினரோ மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களோ கேட்டால் செய்யலாம். செயற்குழுவில் 9 பேர் இருப்பதாகச் சொல்கிறீர்களே, அந்தப் பலம் உதவும் இடம் இதுதான். ஆனால் இரண்டு தரப்பில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றமாக அவரை எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தகராறு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். போனால் இந்தத் தலைவரின் பதவிக்காலம் முடிந்த பிறகும் வழக்கு நடந்துகொண்டிருக்கும். எல்லா வழியும் அடைபட்டால் மட்டும் அதை யோசிப்போம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது வேறு. மினிட்ஸ் புத்தகத்தில் அன்றைய பதிவின் நகலையும், நோட்டீஸையும், ஆட்சியருக்குப் போன கடிதத்தின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். மினிட்ஸில் 13-க்கு 11 என்று இருக்கிறதா, ‘ஏகமனதாக’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பின்னது என்றால் எனக்கு உடனே எழுதுங்கள், அது வேறு வழக்கு. நகல் கைக்கு வந்ததும், எதிர்த்த 11 சங்கங்களும் தங்கள் சொந்த லெட்டர்ஹெட்டில், அன்றைய எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, ‘இது ஒருமித்த கோரிக்கை அல்ல’ என்று ஆட்சியருக்கும் ஆணையருக்கும் தனித்தனியாக எழுதட்டும். தலைவரைத் திட்டி ஒரு வரியும் வேண்டாம். இணைப்புக்கான அறிவிக்கை அரசிடமிருந்து வந்தால், ஆட்சேபம் தெரிவிக்க அதிலேயே காலம் கொடுத்திருப்பார்கள். அந்தக் கெடுவுக்குள் குடிநீர் வரும் இடைவெளி, தொட்டிகளின் கொள்ளளவு, இப்போதுள்ள இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு உங்கள் சங்கம் நேரடியாக ஆட்சேபம் கொடுக்கலாம். அந்த விவரங்களை நகராட்சியிடமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் மனுவை இப்போதே போட்டுவிடுங்கள்.